தமால் கப்பலும் மிகோலாயிவ் இன்ஜினும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐ.என்.எஸ். தமால் போர்க்கப்பல் 2025 ஜூலை 1-ஆம் தேதி ரஷ்யாவின் கலினின்கிராட் நகரில் நம் கடற்படையில் சேர்க்கப்பட்ட செய்திக்கு உங்கள் நாளிதழ் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தது. தமிழ் நாளிதழில் கடற்படைக்கு இவ்வளவு இடம் கிடைப்பது அபூர்வம். முதலில் அதற்கு என் நன்றி. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். மூன்று இடங்களில் சிவப்பு மையால் கோடும் போட்டிருக்கிறேன். அந்த மூன்றைப் பற்றியும், செய்தியில் இடம்பெறாமலே போன ஒன்றைப் பற்றியும் எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது. கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1981-ல் 17 வயதில் கடற்படையில் சேர்ந்தவன். லோனாவ்லாவில் உள்ள ஐ.என்.எஸ். சிவாஜி பயிற்சித் தளத்தில் தொழில் கற்று, இன்ஜின் அறை ஆர்ட்டிஃபிசராக, அதாவது இயந்திரங்களைப் பராமரிக்கும் தொழில்நுட்ப மாலுமியாக, 30 ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதல் பாதி நீராவிக் கப்பல்களில், பின்பாதி கேஸ் டர்பைன் கப்பல்களில். நீங்கள் எழுதியிருக்கும், தமாலும் சேர்ந்த தல்வார் வகைக் கப்பல் ஒன்றிலும் சில ஆண்டுகள் இருந்தேன். எந்தக் கப்பல், எந்த ஆண்டு என்பது இங்கே தேவையில்லை. வெளியே சொல்லக்கூடாத எதையும் நான் எழுதப் போவதில்லை. கப்பல்களைப் பற்றிக் கீழே வருபவை எல்லாம் ஏற்கெனவே பொதுவெளியில் உள்ளவை. மீதி என் கை பழகிய வேலை.

முதல் சிவப்புக் கோடு 'எரிவாயுவில் இயங்கும் இன்ஜின்' என்ற சொற்களின் கீழ். செய்தி வந்த அன்று மாலை, பத்தாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் நாளிதழைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "மாமா, நடுக்கடலில் கேஸ் தீர்ந்துபோனால் என்ன செய்வார்கள்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவள் படித்தது அப்படித்தான் இருந்தது. கேஸ் டர்பைன் என்ற பெயரில் உள்ள கேஸ், எரிபொருள் அல்ல. வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, அதில் டீசலைத் தெளித்து எரிக்கிறோம். அப்போது பீறிட்டு வரும் சூடான வாயுதான் டர்பைனின் தகடுகளைச் சுழற்றுகிறது. பெயரில் இருப்பது அந்த வாயுதான். விமானத்தின் ஜெட் இன்ஜினும் இதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அவளுக்கு ஒரு தாளில் படம் வரைந்து காட்டினேன். உங்கள் வாசகர்கள் எல்லோருக்கும் பக்கத்து வீட்டில் ஒரு பழைய ஆர்ட்டிஃபிசர் இருக்க மாட்டார். 'கேஸ் டர்பைன்' என்றே எழுதிவிடுங்கள். குழப்பமே வராது.

இரண்டாவது கோடு 'பிரிகேட்' என்ற சொல்லின் கீழ். பிரிகேட் என்றால் தரைப்படையின் ஒரு பிரிவு. இந்தக் கப்பல் ஃபிரிகேட், நடுத்தர அளவுள்ள ஒரு போர்க்கப்பல் வகை. ஓர் ஆய்த எழுத்துதான் வித்தியாசம். ஆனால் ஆய்தம் விடுபட்டதும் கப்பல் கரையேறிப் படையணி ஆகிவிடுகிறது.

மூன்றாவது கோடுதான் முக்கியமானது. தல்வார் வகைக் கப்பல்கள் எல்லாமே பிரம்மோஸ் ஏவுகணையுடன் ரஷ்யாவில் கட்டப்பட்டவை என்றும், தமாலும் அதே கப்பல்தான் என்றும் பெட்டிச் செய்தியில் போட்டிருக்கிறீர்கள். இல்லை. ஒரே தாய் வரைபடத்திலிருந்து பிறந்தாலும் மூன்று தவணைகளில் வந்த கப்பல்கள் இவை. ஒவ்வொரு தவணையிலும் ஆயுதம் மாறியது, இரண்டாவது தவணையில் கட்டிய தளமும் மாறியது, உலகமும் மாறியது. அதைச் சொல்லாமல் விட்டால் நாம் என்ன வாங்கினோம் என்பதே வாசகருக்குப் புரியாமல் போகும்.

முதல் மூன்றுக்கான ஒப்பந்தம் 1997 நவம்பரில் கையெழுத்தானது. ஏறத்தாழ 100 கோடி டாலர். அந்தக் காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1972-ல் பம்பாயின் மசகான் தளத்திலிருந்து வந்த பழைய ஐ.என்.எஸ். நீலகிரி 1996-ல் ஓய்வு பெற்றுவிட்டது. அதன் தங்கைக் கப்பல்களும் தேய்ந்துகொண்டிருந்தன. சோவியத் ஒன்றியம் உடைந்து, உதிரி பாகங்களுக்கு யாரிடம் கடிதம் எழுதுவது என்றே தெரியாத நாட்கள். உள்நாட்டில் கட்டும் வேகம் போதவில்லை. அவசரத்துக்கு ரஷ்யாவிடம் வாங்கினோம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் பால்டிக் கப்பல் தளத்தில் தல்வார், திரிசூல், தபார் மூன்றும் உருவாயின. வாள், சூலம், போர்க்கோடரி. விமானத்தைத் தாக்கும் ஷ்டில் ஏவுகணையைக் கப்பலின் மற்றக் கருவிகளோடு இணைத்துச் சோதித்ததில் சிக்கல் வந்து, 2002-ல் கைக்கு வர வேண்டிய தல்வார் 2003 ஜூனில்தான் வந்தது. திரிசூல் அதே மாதம், தபார் 2004 ஏப்ரலில்.

அந்த மூன்றிலும் கட்டும்போது வைக்கப்பட்டது பிரம்மோஸ் அல்ல, கிளப் என்னும் ரஷ்ய ஏவுகணை. முன்தளத்தில் செங்குத்தாக எட்டுக் குழல்கள். 220 கிலோமீட்டர் வரை பாயும். இலக்கை நெருங்கும்போது அதன் தலைப்பகுதி தனியே பிரிந்து ஒலியை விட மும்மடங்குக்குச் சற்றே குறைந்த வேகத்தில் போகும். ஷ்டில் ஏவுகணைக்கு இருந்தது ஒற்றைக் கை ஏவுதளம். 24 ஏவுகணைகள் கீழே கிடங்கில் நிற்கும். ஒன்று மேலே ஏறி வந்து கையில் மாட்டிக்கொள்ளும், கை இலக்கின் பக்கம் திரும்பும், சுடும், மறுபடி நிமிர்ந்து அடுத்ததற்குக் காத்திருக்கும். அருகில் வந்துவிட்ட ஏவுகணைகளைச் சுட்டு வீழ்த்த, பீரங்கியும் சிறு ஏவுகணைகளும் ஒன்றாகப் பொருத்திய கஷ்டான் என்ற அமைப்பு இரண்டு.

2006-ல் ஒப்பந்தமான அடுத்த மூன்று, கலினின்கிராடின் யாந்தர் தளத்தில் கட்டப்பட்டன. தேக், தர்காஷ் 2012-லும், திரிகண்ட் 2013-லும் வந்தன. தர்காஷ் என்றால் நம் அம்பறாத்தூணி. இங்கேதான் பிரம்மோஸ் ஏறியது. கிளப்பின் இடத்தில் எட்டு பிரம்மோஸ். கஷ்டான் போய் ஏ.கே. 630 பீரங்கி வந்தது. கடைசித் தவணையான துஷில், தமால் இரண்டிலும் ஷ்டில் ஏவுகணைக்கு அந்த ஒற்றைக் கையே இல்லை. 24-ம் தனித்தனிச் செங்குத்துக் குழல்களில் தயாராக நிற்கின்றன. கை திரும்பும் நேரம் மிச்சம். பல திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் ஏவுகணைகள் பாய்ந்து வரும் இன்றைய சண்டையில் அந்தச் சில விநாடிகள்தான் கப்பலில் இருக்கும் அத்தனை பேரின் உயிர்.

எனவே தல்வாரும் தமாலும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலத் தெரியும். மேற்கட்டின் சாய்ந்த சுவர்களும் நிழலுருவமும் ஒத்துப்போகும். ஆனால் தல்வாரில் சேர்ந்த மாலுமியையும் தமாலில் சேர்ந்த மாலுமியையும் 20 ஆண்டுகளுக்கு மேலான இடைவெளி பிரிக்கிறது. பெட்டிச் செய்தியில் அந்த இடைவெளி காணாமல் போய்விட்டது.

இனி, செய்தியில் இடம்பெறாத விஷயத்துக்கு வருகிறேன்.

எட்டு பிரம்மோஸ், 100 மில்லிமீட்டர் பீரங்கி, நீருக்கடியில் பாயும் டார்பிடோக்கள், நீர்மூழ்கிக்கு எதிரான ராக்கெட்டுகள், ஹெலிகாப்டர் என்று மேல்தளத்தில் உள்ள அனைத்தையும் எண்ணிவிட்டீர்கள். மேல்தளத்துக்குக் கீழே நீங்கள் இறங்கவே இல்லை. 125 மீட்டர் நீளமும் 3,900 டன் எடையும் உள்ள ஒரு கப்பலை மணிக்கு 30 கடல் மைல் வேகத்துக்கு மேல் ஓட வைப்பது எது? நான்கு கேஸ் டர்பைன்கள். சாதாரணப் பயணத்துக்கு இரண்டு சிறியவை, வேகமெடுக்க இரண்டு பெரியவை. அவற்றைச் செய்தது ரஷ்யா அல்ல. உக்ரைனின் மிகோலாயிவ் நகரில் உள்ள ஸோர்யா மாஷ்புரோயெக்ட் ஆலை. சோவியத் காலத்தில் கப்பல் டர்பைன் செய்யும் வேலை அந்த ஊருக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. நாடு உடைந்தபோது இந்த வகைக் கப்பலைக் கட்டிய தளங்கள் ஒரு நாட்டுக்கும் இன்ஜின் ஆலை இன்னொரு நாட்டுக்கும் போய்ச் சேர்ந்தன.

இதன் பலனை முதலில் அனுபவித்தது ரஷ்யாவே. நமக்குக் கட்டிக் கொடுத்த கப்பல் நன்றாக அமைந்துவிட்டது என்று, தன் கருங்கடல் கடற்படைக்கும் அதே வகையில் ஆறு கப்பல்களை யாந்தர் தளத்தில் ரஷ்யா கட்டத் தொடங்கியது. 2014-ல் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டதும் உக்ரைன் டர்பைன் தருவதை நிறுத்தியது. மூன்று கப்பல்களுக்கு மட்டுமே இன்ஜின் வந்து சேர்ந்திருந்தது. மற்ற மூன்றும் இதயம் இல்லாத உடல்களாக நின்றன. அவற்றில் இரண்டைத்தான் 2018-ல் ஏறத்தாழ 95 கோடி டாலருக்கு நாம் வாங்கினோம். அட்மிரல் புத்தகோவ், அட்மிரல் இஸ்தோமின் என்று பெயர் வைத்திருந்த கப்பல்கள் துஷில், தமால் ஆயின.

இன்ஜினுக்கு என்ன செய்தோம் என்பதைக் கவனியுங்கள். உக்ரைன் ரஷ்யாவுக்குத் தராது. இந்தியாவுக்குத் தரும். ஆகவே நாம் உக்ரைனிடம் விலைக்கு வாங்கி, நம் பொருளாக ரஷ்யாவுக்கு அனுப்பி, ரஷ்யத் தளத்தில் பொருத்தச் செய்தோம். ஒருவர்மேல் ஒருவர் குண்டு போட்டுக்கொண்ட இரண்டு நாடுகளின் உழைப்பு இந்தக் கப்பலின் வயிற்றுக்குள் ஒரே தளத்தில் போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருக்கிறது. நம் அதிகாரிகள் இதைச் சாதித்தது பெரிய விஷயம். அதைப் பாராட்டி உங்கள் செய்தியில் ஒரு வரி இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். 2022-ல் முழுப் போர் மூண்டதும் மிகோலாயிவ் நகரமே ஏவுகணைத் தாக்குதலுக்கு இலக்கானது. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கையால் தொட்டுத் துடைத்த இயந்திரங்கள் பிறந்த ஊர் அது. அதன் உதிரி பாகங்களை எதிர்பார்த்து நம் ஃபிரிகேட்டுகள் மட்டுமல்ல, டெல்லி, கொல்கத்தா, விசாகப்பட்டினம் வகை நாசகாரிக் கப்பல்களும் ஓடிக்கொண்டிருந்தன.

டர்பைன் என்பது வாங்கிப் பொருத்திவிட்டு மறந்துபோகிற பொருள் அல்ல. நீராவிக் கப்பலில் நான் வளர்ந்தேன். பாய்லரைப் பற்றவைத்து நீராவி ஏற்றுவதற்கே சில மணி நேரம் ஆகும். அதிகாலையில் கப்பல் புறப்பட வேண்டும் என்றால் முந்தைய இரவே நாங்கள் கீழே இறங்கிவிடுவோம். வியர்வை பூட்ஸுக்குள் இறங்கும். ஆனால் ஒரு குழாய் கசிந்தால், ஒரு வால்வு தேய்ந்தால், பெரும்பாலும் கப்பலில் இருக்கும் லேத்திலேயே கடைந்து போட்டுவிடுவோம். அந்த இயந்திரம் எங்களுக்குக் கட்டுப்பட்டது. கேஸ் டர்பைன் சில நிமிடங்களில் உயிர் பெற்றுவிடும். அது பெரிய வரம். அந்த வரத்துக்கு ஒரு விலை உண்டு. அதன் தகடுகளைக் கப்பலில் யாராலும் கடைய முடியாது. அந்த உலோகக் கலவையைச் செய்யத் தெரிந்த நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதற்கு எதிரி கடல் உப்பு. எத்தனை வடிகட்டி வைத்தாலும் உறிஞ்சும் காற்றோடு உப்பும் கொஞ்சம் உள்ளே போகும், தகடுகளில் படியும். குறித்த மணி நேரம் ஓடியதும் வடித்த நீரை உள்ளே பாய்ச்சிக் கழுவ வேண்டும். முதலில் வடியும் நீர் கறுப்பாக, கரிப்புகையும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருக்கும். அதைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்போம். மறுபடி கழுவுவோம். மூன்றாவது குடுவை தெளிந்து வரும்போதுதான் மூச்சு வரும். பிறகு விரல் கனமே உள்ள, முனையில் விளக்கு வைத்த குழாயை உள்ளே செலுத்தி ஒவ்வொரு தகடாகப் பார்க்க வேண்டும். ஒரு தகட்டின் விளிம்பில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெட்டு தெரிந்தால் போதும், அன்று சாப்பாடு இறங்காது.

நான் இருந்த ஒரு கப்பலில் ஒரு டர்பைனை முழுதாகவே மாற்ற வேண்டி வந்தது. காற்று உள்ளே வரும் பெருங்குழாயின் பாகங்களைப் பிரித்து, தண்டவாளம் போட்டு இன்ஜினை நகர்த்தி, அதே குழாய் வழியாகச் செங்குத்தாக மேலே தூக்க வேண்டும். இன்ஜினுக்கும் குழாயின் சுவருக்கும் நடுவில் ஓரிடத்தில் இரண்டு விரல்தான் இடைவெளி. சங்கிலிக் கப்பியை இழுப்பவன் மேலே, டார்ச் விளக்கோடு இடைவெளியைப் பார்த்துக் குரல் கொடுப்பவன் கீழே. கீழே நின்றவன் நான். "ஓர் இழுப்பு... நிறுத்து... ஓர் இழுப்பு..." என்று ஒரு பகல் முழுக்கக் கத்தினேன். வெளியே வந்த அந்த இன்ஜின் மரப்பெட்டிக்குள் போய் வெளிநாடு புறப்பட்டது. ஓவர்ஹாலுக்கு, அதாவது முழுதாகப் பிரித்துப் பழுதுபார்க்க. அது திரும்பி வருவதற்குள் எங்கள் தளபதியே வேறு கப்பலுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இன்னொரு முறை, எரிபொருள் பம்புக்கு வளையல் அளவே உள்ள ஒரு ரப்பர் சீல் தேவைப்பட்டது. நான்கு மாதம் காத்திருந்தோம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. கொடுக்க வேண்டியவர் தூரத்தில் இருந்தார், காகிதங்கள் பல மேசைகளைத் தாண்டி வர வேண்டியிருந்தது. அந்த நான்கு மாதமும் அந்தக் கப்பலில் இருந்த ஏவுகணைகளின் எண்ணிக்கை குறையவில்லை. ஓட வேண்டிய நான்கில் ஒன்றுதான் ஓடவில்லை.

மொழியும் ஒரு தடை. ரஷ்யக் கப்பலில் வால்வுகளின் மேல் உள்ள பித்தளைத் தகட்டில் அவர்களுடைய எழுத்துதான் இருக்கும். ஆங்கிலத்தின் 'எச்' போல இருப்பதை 'ன' என்று படிக்க வேண்டும், 'பி' போல இருப்பதை 'ர' என்று. இருட்டிலும் கை தானாகச் சரியான வால்வுக்குப் போகும்வரை மனப்பாடம் செய்தோம். ஒரு சிறு நோட்டில் அந்தச் சொற்களைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். எனக்குப் பின் வந்த இரண்டு தமிழ்ப் பையன்களுக்கு அந்த நோட்டுதான் பாடநூல். இந்த அறிவை எந்த ஒப்பந்தத் தொகையிலும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

உங்கள் செய்தி பாய்கிற ஏவுகணைகளைப் பற்றியே பேசியது. இந்த வகைக் கப்பல்கள் நம் மக்களுக்குச் செய்த பெரிய உதவிகள் எதிலும் ஓர் ஏவுகணைகூடப் புறப்படவில்லை. 2015-ல் ஏமன் நாட்டில் சிக்கியவர்களை மீட்கப் போன கப்பல்களில் தர்காஷும் ஒன்று. கொரோனாவின் இரண்டாம் அலையில், மூச்சுத் திணறி மக்கள் மாண்டுகொண்டிருந்தபோது, பஹ்ரைனிலிருந்து திரவ ஆக்சிஜன் நிரப்பிய இரண்டு கொள்கலன்களைச் சுமந்து 2021 மே 5-ஆம் தேதி மங்களூரு துறைமுகத்துக்கு வந்தது தல்வார். 2023-ல் சூடானில் சண்டை மூண்டபோது போர்ட் சூடானுக்கும் ஜெத்தாவுக்கும் இடையே ஓடி இந்தியர்களை ஏற்றி வந்தவை சுமேதா, தேக், தர்காஷ். அந்த முறை மீட்கப்பட்டு வீடு திரும்பியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். சென்னை விமான நிலையத்தில் அவர்கள் இறங்கும் படத்தை நீங்களும் வெளியிட்டீர்கள். அன்று அவர்களைக் கரை சேர்த்தது கீழ்த்தளத்தில் காதடைப்பானை மாட்டிக்கொண்டு அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்த பையன்களும் அந்த டர்பைன்களும்தான்.

இப்போது என் கவலை முதல் மூன்று கப்பல்களைப் பற்றியது. தல்வாரும் திரிசூலும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. போர்க்கப்பலை 30 ஆண்டுகளும் அதற்கு மேலும் ஓட்டுவது நம் வழக்கம். ஆகவே அவற்றுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. அந்த ஆயுளில் அவை எந்த ஆயுதத்தோடு, எந்த ரேடாரோடு, எந்த உதிரி பாகத்தோடு ஓடப் போகின்றன? கிளப்பை எடுத்துவிட்டு பிரம்மோஸ் வைப்பது, பழைய பல்பைக் கழற்றிப் புதியதை மாட்டுகிற வேலை என்று செய்திகளைப் படிப்பவர்கள் நினைத்துவிடுகிறார்கள். கிளப் ஏவுகணை டார்பிடோக் குழலின் பருமனுக்குள் அடங்கும்படி செய்யப்பட்டது. பிரம்மோஸ் அதைவிடப் பருமன், எடையும் ஏறத்தாழ 3 டன். எட்டு ஏவுகணை என்றால் மேல்தளத்தை வெட்ட வேண்டும், அடியில் தாங்குவிட்டங்களைப் பலப்படுத்த வேண்டும், மின்கம்பிகளைப் புதிதாக இழுக்க வேண்டும், குளிரூட்டும் நீருக்கு வழி செய்ய வேண்டும். மேலே எடை கூடினால் கப்பலின் சமநிலையையும் மறுபடி கணக்கிட வேண்டும். நடுவயதில் கப்பலுக்குச் செய்யும் பெரிய மராமத்தில் இவை எல்லாம் சேர்ந்து நடந்தால்தான் உண்டு. ஒருமுறை கப்பல் தளத்துக்கு ஏற்றினால் அந்தக் கப்பல் ஓரிரு ஆண்டுகளுக்குக் கடலில் இல்லை என்று பொருள். அதனால்தான் திட்டத்தை முன்கூட்டியே வகுக்க வேண்டும், பணத்தையும் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும்.

பணம் என்றதும் ஒரு கணக்கு. 2024 மார்ச் 1-ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சகம் பிரம்மோஸ் ஏவுகணைகள் வாங்க மட்டும் 19,518 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. கப்பல் வாங்கிய செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கப்பலை வாங்கும் அன்றைய விலை முதல் தவணை மட்டுமே. அதில் போடும் ஏவுகணை, எரிக்கும் டீசல், மாற்றும் டர்பைன், நடுவயது மராமத்து எல்லாம் அடுத்தடுத்த தவணைகள். வீட்டுக்கு ஒரு மாடு வாங்குகிறவர்கூடத் தீவனத்துக்குக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் கயிற்றைக் கையில் வாங்குவார்.

தமால் வெளிநாட்டில் கட்டி வாங்கும் கடைசிப் போர்க்கப்பல் என்று கடற்படை அறிவித்திருப்பதை நீங்கள் தலைப்பாகவே போட்டிருந்தீர்கள். மகிழ்ச்சியான செய்தி, எனக்கும் பெருமைதான். இந்தக் கப்பலில் இந்தியப் பங்கு 26 சதவீதம், இந்தியாவில் செய்த கருவிகள் 33. பால்டிக் தளத்தில் தல்வாரைக் கட்டிய நாட்களை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம். இதே வகையில் இன்னும் இரண்டு கப்பல்கள் கோவா கப்பல் தளத்தில் நம் தொழிலாளர்களின் கையால் உருவாகின்றன. திரிபுட் 2024 ஜூலையிலும் தவஸ்யா 2025 மார்ச்சிலும் நீரில் இறக்கப்பட்டன. அவையும் சேர்ந்தால் இந்த வகையில் மொத்தம் பத்துக் கப்பல்கள். உடலை நாமே கட்டிக்கொள்கிறோம். இதயத்தை மட்டும் இன்னமும் வெளியே வாங்குகிறோம் என்பதையும் அந்தத் தலைப்பின் கீழ் சொல்லியிருக்க வேண்டும்.

உக்ரைனை விட்டுவிட்டு வேறு இடத்தில் வாங்கினால் தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். நம் நீலகிரி மலையின் பெயரைத் தாங்கி 2025 ஜனவரி 15-ஆம் தேதி மும்பையில் கடற்படையில் சேர்ந்த புதிய ஐ.என்.எஸ். நீலகிரி நம் வடிவமைப்பு, நம் உருக்கு, நம் கட்டுமானம். அதில் ஓடும் டர்பைன் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வடிவமைப்பு. சிவாலிக் வகைக் கப்பல்களுக்கும் அதே இன்ஜின்தான். 2009-ல் சிவாலிக் வேலை முடியும் தறுவாயில், அமெரிக்க அரசு சொன்னது என்று அந்த இன்ஜின் வேலை சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டது நினைவிருக்கலாம். பிறகு தொடர்ந்தார்கள். ஆனால் கயிறு யார் கையில் இருக்கிறது என்பது அன்று தெரிந்துவிட்டது. 1998 பொக்ரான் சோதனைக்குப் பின் வந்த தடைகளின்போது சீ கிங் ஹெலிகாப்டர்களுக்கு உதிரி பாகம் இல்லாமல் பட்ட பாட்டை என் வயதுக் கடற்படையினர் யாரும் மறக்க மாட்டார்கள்.

நம்மிடம் முயற்சியே இல்லை என்று சொல்லவில்லை. பெங்களூருவின் கேஸ் டர்பைன் ஆராய்ச்சி நிறுவனம் போர் விமானத்துக்கென்று உருவாக்கிய காவிரி இன்ஜினிலிருந்து கப்பலுக்கான ஒன்றையும் வடித்தது. விசாகப்பட்டினத்தில் உள்ள கடற்படைச் சோதனைக் கூடத்தில் அது 12 மெகாவாட் வரை தந்தது. அந்தச் செய்தி வந்தபோது நான் பணியில் இருந்தேன். காவிரி என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் மெஸ்ஸில் இருந்த தமிழர்கள் எழுந்து கை தட்டினோம். அந்த இன்ஜின் இன்றுவரை எந்தப் போர்க்கப்பலையும் ஓட்டவில்லை. பெரிய டர்பைன்களை இந்தியாவிலேயே ஓவர்ஹால் செய்யவும், உதிரி பாகங்களை இங்கே செய்யவும் ஏற்பாடுகள் நடப்பதாக அவ்வப்போது செய்திகள் வருகின்றன. இரண்டு வரிச் செய்திகளாக உள்பக்கத்தின் மூலையில் வருகின்றன. என்னைப் பொறுத்தவரை தமால் கொடியேற்றிய செய்தியைவிட அந்த இரண்டு வரி பெரியது. எந்த ஆலை, எத்தனை டர்பைன், எந்த ஆண்டுக்குள் என்று உங்கள் நிருபர்கள் துரத்திக் கேட்க வேண்டும். நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் கேட்க வேண்டும். தல்வார், திரிசூல், தபார் மூன்றின் நடுவயது மராமத்தில் என்ன செய்கிறார்கள், அதற்கான பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதும் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி. ரகசியம் எது, கணக்கு எது என்று பிரித்துச் சொல்லக் கடற்படைக்குத் தெரியும். கேட்பவர்கள்தான் குறைவு.

அடுத்து திரிபுட் கடற்படையில் சேரும்போது விழாவுக்கு உங்கள் நிருபரும் போவார் என்று நம்புகிறேன். மேல்தளத்தில் படம் எடுத்து முடித்ததும், இன்ஜின் அறையை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். படிகள் செங்குத்தாக இருக்கும், இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். உள்ளே, டர்பைன் பெட்டிக்குப் பக்கத்தில், எண்ணெய்க் கறை படிந்த நீல உடையில் ஒருவர் நிற்பார். தமிழ்ப் பையனாகவே இருந்தாலும் இருக்கலாம். இந்த இன்ஜின் பழுதானால் எங்கே அனுப்புவீர்கள், எப்போது திரும்பி வரும் என்று அவரிடம் கேட்டு, அவர் சொல்ல அனுமதிக்கப்பட்டதை அப்படியே போடுங்கள். அந்தப் பக்கத்தையும் நான் கத்தரித்து வைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இன்ஜின் அறை ஆர்ட்டிஃபிசர், இந்தியக் கடற்படை
தூத்துக்குடி